அண்ணாச்சி என்று அழைத்த ஏழு நிமிடம்

என் போனில் ஏழு நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நான் யூனிஃபார்மில் இருக்கிறேன். அவர் வெளுத்த நீலச் சட்டை போட்டிருக்கிறார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறேன், அவர் என்னை சிஸ்டர் என்கிறார். சிகரெட்டை விட்டுவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுக்கிறார். பின்னால் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வீடியோவில் தன் உடம்பைப் பற்றி அவர் சொல்வது அத்தனையும் பொய். அதற்கு முன்னால் எடுத்த இன்னொரு வீடியோவில் அவர் உண்மையைச் சொன்னார். அதை நான் என் கையாலேயே அழித்துவிட்டேன்.

நான் செவிலியர். வீடு சங்கரன்கோவிலில், வேலை மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். அவர் விசைத்தறி ஓட்டினார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிதான். காலையில் ஆரம்பித்தால் கரண்ட் போகும்வரை நிற்காது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். நாங்கள் சத்தமாகப் பேசியே பழகியவர்கள். மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம் எங்கள் வீட்டில் அநேகமாகச் சொல்லப்படாமலே போய்விடும்.

அவருக்குச் சிகரெட் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. மகள் பிறந்து அவளைக் கையில் வாங்கிய அன்று, இனிமேல் தொடமாட்டேன் என்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், விட்டாச்சு என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுகாதார நிலையத்துக்கு இருமிக்கொண்டு வருகிற ஒவ்வொரு ஆணிடமும், "எங்க வீட்டுல அவுகளப் பாருங்க, பிள்ள மொகத்தப் பாத்த அன்னைக்கே விட்டுட்டாக. உங்களால ஏன் முடியாது?" என்பேன். பதினோரு வருஷம் இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறேன். சில பேர் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "நீங்கதான் அந்தச் சிகரெட்டை விட்ட ஆளா" என்று கேட்டதாக அவரே வந்து சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்றம் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானே என்னிடம் கேட்டிருக்கிறேன். தறி ஷெட்டிலிருந்து வருகிறவர் மேல் மிஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாசம் எப்போதும் இருக்கும். வாயில் ஏலக்காய் இருக்கும். இதற்கு மேல் மோந்து பார்க்க எனக்கு மனசு இல்லை. அவர் விட்டுவிட்டார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உள்ளபடி சொன்னால்.

அப்படியிருக்கும்போதுதான் இந்த ஆன்லைன் பயிற்சி வந்தது. நோயாளிகள் புகையை விடுவதற்கு எப்படிக் கைகொடுப்பது என்று எங்களைப் போன்ற ஊழியர்களுக்குச் சொல்லித்தருகிற வகுப்பு. எட்டு வாரம். போனிலேயே பாடம், போனிலேயே பரீட்சை. சனிக்கிழமை மதியம் மட்டும் போன் திரையில் முகம் பார்த்துப் பேசுகிற வகுப்பு உண்டு. எங்கேயோ தூரத்து ஊரிலிருந்து ஒரு டாக்டரம்மா பேசுவார். அமைதியான குரல். எங்கள் பக்கம்தான் ஒரே களேபரம். யாரோ மியூட் போட மறந்து குக்கர் விசில் கேட்கும், யாரோ வீட்டில் கோழி கொக்கரிக்கும். என் முகம் வந்தால் கூடவே தறிச்சத்தமும் வரும். "அம்மா, உங்க பக்கம் மழையா?" என்று டாக்டரம்மா முதல் வாரம் கேட்டார்.

எனக்கு மார்க் என்றால் உயிர். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தொண்ணூற்றெட்டு வாங்கினால் அந்த இரண்டு எங்கே போச்சு என்று அழுகிற ஜாதி. இந்த வகுப்பிலும் எல்லாப் பரீட்சையிலும் நான்தான் முதல். ஐந்து படிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேளுங்கள், எடுத்துச் சொல்லுங்கள், மனதை அறியுங்கள், கைகொடுங்கள், தொடர்ந்து பாருங்கள். சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே இதை ஒப்பிப்பேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு எத்தனாவது படில நிக்க?" என்று கேட்பார்.

கடைசி வாரத்தில் ஒரு செய்முறை இருந்தது. ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து, ஏழு நிமிடத்துக்குள் அவரிடம் பேசி, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எழுதிவைத்து ஒப்பிக்கக் கூடாது, நடிக்கிறவர் இயல்பாகப் பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என்கூட வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கு ஆள் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். நான் யாரைப் பிடிப்பது என்று யோசித்து, கடைசியில் இவரைப் பிடித்தேன்.

"எனக்கு நடிக்கத் தெரியாதுட்டி" என்றார்.

"நீங்க சிகரெட்டு குடிச்ச ஆளுதான, பழச நெனச்சுப் பேசுங்க. சொந்தமா நாலு விஷயம் சேத்துக்கிடுங்க. அப்பத்தான் மார்க்கு போடுவாக."

அவர் வாயில் கிடந்த ஏலக்காயை மென்றார். அப்புறம் சரி என்றார்.

தறி ஓடுகிற நாளில் எடுத்தால் ஒரு எழவும் கேட்காது. அதனால் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துகிற நாளுக்காகக் காத்திருந்தோம். அன்றைக்கு எனக்கும் வார விடுமுறை. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். தெருவே வாயடைத்துக் கிடந்தது. கீரைக்காரி மூன்று தெரு தள்ளிக் கூவுவது வீட்டுக்குள் கேட்டது. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, நான் வீட்டிலேயே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆரம்பிக்கும்போதே ஒரு சிக்கல். அவரை எப்படிக் கூப்பிடுவது? சுகாதார நிலையத்தில் வயசு வந்த ஆம்பிளைகள் எல்லாரும் எனக்கு அண்ணாச்சிதான். இருபது வருஷப் பழக்கம், வேறு எதுவும் வாயில் வராது. ஆனால் கட்டினவரைப் போய் எப்படி அண்ணாச்சி என்பது. வாய்வரை வந்தது, சிரிப்பு முட்டிக்கொண்டது. இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் சிரித்துக் கெடுத்தேன்.

"நீ அண்ணாச்சிங்க, நான் சிஸ்டர்ங்கேன். அப்ப தாலிய என்ன செய்ய?" என்றார் அவர்.

மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. என்ன செய்யுது?"

அவர் முகம் மாறியது. இப்போது யோசித்தால் அந்த நொடியைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சிரிப்பெல்லாம் போய், உண்மையிலேயே யாரோ முன்பின் தெரியாத நர்ஸிடம் வந்து உட்கார்ந்தவர் மாதிரி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இருமல்தான் சிஸ்டர்."

"பீடி சிகரெட்டு குடிக்கிற பழக்கம் உண்டுமா?"

"உண்டு."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"எட்டு. வேல கூடுன அன்னைக்குப் பத்தாயிரும்."

"காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொதல் சிகரெட்டு?"

"எந்திரிச்ச ஒடனே. டாங்குல தண்ணி பாத்துட்டு வாரேன்னு மாடிக்குப் போவேன். அங்கன வச்சுக் குடிச்சிருவேன்."

"விடணும்னு எப்பவாவது நெனச்சிருக்கியளா?"

"ஒருக்க விட்டேன். பிள்ள பொறந்தப்ப. பதினெட்டு நாளு."

"அப்புறம்?"

"அப்புறம் முடியல. ஆனா விட்டுட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன்லா. அவ ஊரெல்லாம் சொல்லிட்டா. விட்டுட்டேன்னு சொன்ன மனுசன் திரும்பவும் விடப்போறேன்னு எப்படிச் சொல்லுவான்? அதனால விடவும் முடியல, சொல்லவும் முடியல."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மனுஷன் என்னமாய் நடிக்கிறார், சொந்தமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் நம் கதையையே எடுத்துச் சேர்க்கிறாரே என்று. ஓரக்கண்ணால் போனைப் பார்த்தேன். நாலரை நிமிடம் ஓடியிருந்தது. இன்னும் மூன்று படி பாக்கி.

"இருமும்போது சளி வருதா அண்ணாச்சி?"

"வருது. சளில ரத்தம் வருது சிஸ்டர். ஒரு மாசமா. காலைல மட்டுந்தான். வாஷ்பேசின்ல தண்ணிய வேகமாத் தொறந்து விட்டுருவேன்."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "சரி அண்ணாச்சி, அத டாக்டர்ட்ட காட்டிக்கிடுவோம். இப்ப சிகரெட்ட விடுறதுக்கு ஒரு நாளு குறிப்பமா?"

அவர் என்னையே பார்த்தார். "குறிங்க சிஸ்டர்" என்றார்.

ஏழு நிமிடத்துக்குப் பத்து வினாடி இருக்கும்போது முடித்தேன். போனை எடுத்து அணைத்துவிட்டு, "ஏ அப்பா, நல்லாத்தான் நடிக்கிய" என்றேன். "ரத்தம் அது இதுன்னு பயங்காட்டிட்டிய."

"நடிப்புதான" என்றார். எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

ஒன்றுமே தோன்றவில்லையா என்றால், தோன்றியது. சாயங்காலம் கரண்ட் வந்து தறியெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, அந்த மாடி விஷயம் மட்டும் மனசில் உறுத்தியது. தினமும் காலையில் தண்ணீர் பார்க்க மாடிக்குப் போகிறவர்தான் அவர். படி ஏறிப் போய்ப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாடிப்படி வரை போனேன். பார்த்துவிட்டால் கேட்க வேண்டும், கேட்டால் பதினோரு வருஷமாக நான் சொல்லித்திரிந்த கதையை யாரிடம் போய்த் திருப்பிச் சொல்வது என்று நின்றேன். தோசைக்கு அரைக்க வேண்டிய வேலை இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து மார்க் வந்தது. இரண்டு மார்க் குறைத்திருந்தார் டாக்டரம்மா. கீழே ஒரு குறிப்பு: "நோயாளி சளியில் ரத்தம் என்று சொன்ன இடத்தில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். முதல் படியில் பாதிதான் செய்திருக்கிறீர்கள். கேள்வியைக் கேட்டீர்கள், பதிலைக் கேட்கவில்லை. விரும்பினால் திரும்ப எடுத்து அனுப்பலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். டாக்டரம்மா மேல் இல்லை, இவர் மேல். அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"உங்களாலதான் எனக்கு ரெண்டு மார்க்கு போச்சு. உங்கள யாரு ரத்தம்னு சொல்லச் சொன்னா? இருமல்னு சொன்னா போதாதா? இல்லாததயெல்லாம் இழுத்து வச்சா நான் ஏழு நிமிசத்துல எதைன்னு பாப்பேன்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. என் மேல் இரக்கப்படுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"தப்புதான். இனிமே சொல்லல" என்றார்.

சொன்னபடியே நடந்தார். அதற்கு அப்புறம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

இரண்டாவது வீடியோவை ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். பக்கத்து வீட்டில் அவசர வேலை, தறி ஓடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, சத்தமாகப் பேசுங்கள் என்றேன். இந்த முறை சிரிப்பே வரவில்லை, அண்ணாச்சி என்று சரளமாக வந்தது. இருமல் எத்தனை நாளாக என்றேன், பத்து நாளாக என்றார். சளியில் ஏதாவது என்றேன், ஒன்றுமில்லை, தறித் தூசிதான் சிஸ்டர் என்றார். என்றைக்கு விடலாம் என்றேன். ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு விட்டுவிடுகிறேன், கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்றோடு சரி என்றார். நல்ல நோயாளி. ஒரு கேள்விக்கு ஒரு பதில். ஆறு நிமிடம் ஐம்பது வினாடி.

முழு மார்க் வந்தது. போனில் இடம் இல்லை என்று காட்டியதால் பழைய வீடியோவை அழித்தேன். போனின் குப்பைத்தொட்டியில் கிடந்ததையும் மறக்காமல் காலி செய்தேன். நான் எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை.

சான்றிதழ் போனில் வந்தது. அவர்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொண்டுபோய்ப் பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணி, ஆணி அடித்து மாட்டினார். ஸ்டூலில் ஏறி ஆணி அடிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். வயசாகிவிட்டது என்று கேலி பண்ணினேன். ஆடித்தபசுக்கு மூன்று பேரும் போனோம். அந்தக் கூட்டத்தில் தபசுக் காட்சி முடிந்து ஜனங்கள் காணிக்கையாக மிளகாய் வற்றலும் பருத்தியும் வீசிக் கும்பிட்ட நேரத்தில், என் பக்கத்தில் நின்று அவர் எதை வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது, "இன்னைக்கோட விட்டாச்சுட்டி" என்றார். வீடியோவில் சொன்னதை வைத்துக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து, முதுகில் ஒரு அடி போட்டேன். அன்றோடு அவர் நிஜமாகவே விட்டிருந்தார். இரண்டாவது தடவை விட்டதை என்னிடம் சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி அது.

சட்டை தொளதொளவென்று ஆனது. தறி ஷெட்டிலிருந்து மதியமே வந்து படுக்க ஆரம்பித்தார். கேட்டால் தூசி என்பார், வெயில் என்பார். புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காலையில் நான் பல் தேய்க்கப் போனபோது வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் வரவில்லை. டாங்க் காலி. எனக்கு முன்னால் வந்துபோன அவருக்குத் திறந்துவிடத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் ரத்தம் அப்படியே இருந்தது.

நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் குரலே என் காதில் கேட்டது. அத டாக்டர்ட்ட காட்டிக்கிடுவோம் அண்ணாச்சி.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி, கல்லீரல்வரை போயிருந்தது. முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அந்த டாக்டர் கேட்கவில்லை. என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாரோ என்னவோ. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வார்டுக்கு வந்ததும் அவருடைய கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல? நான் நர்ஸுதான. வேற யார்ட்டயும் வேண்டாம், எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற குரலே இல்லை.

"சொன்னேம்லா" என்றார்.

அதற்கு அப்புறம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். அன்று நான் மனைவியாகக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார். அண்ணாச்சி என்று கூப்பிட்ட அந்த ஏழு நிமிடம்தான் அவருக்குக் கிடைத்தது. ஊருக்கே காட்டி வைத்த புருஷனாக இல்லாமல், யாரோ ஒரு நோயாளியாக இருந்து பேச ஒரு நாற்காலி. தெருவே அமைதியாக இருந்தது, ஒரு சொல் தவறாமல் காதில் விழுந்தது. அப்படியும் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்று மாடிக்குப் போனேன். தண்ணீர் டாங்குக்குப் பின்னால் ஒரு பழைய பவுடர் டப்பா. மூடியைத் திறந்தேன். ஒரு துண்டு சிகரெட்கூட வெளியே சிந்தாமல், எல்லாவற்றையும் அதற்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அவ்வளவு சுத்தமான மனுஷன். மழை பெய்து மூடி துருப்பிடித்திருந்தது. ஆடிக்கு அப்புறம் யாரும் திறக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

நோயாளிகள் கோவில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வந்தால் நான் போடுகிற சத்தம் சுகாதார நிலையம் முழுக்கக் கேட்கும். மண்ணாலயா சரியாகும் என்று கத்துவேன். ஐப்பசியில் அந்த மண்ணை நானே காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். அவர் நெஞ்சில் பூசும்போது கண்ணை மூடிக்கொண்டு, "சிஸ்டர் திட்டப்போறாக" என்றார்.

கார்த்திகை முடிவதற்குள் போய்விட்டார். அப்புறம் எனக்கு அந்த முதல் வீடியோவின் மேல் பைத்தியமே பிடித்தது. எப்படியாவது திரும்பக் கிடைக்காதா என்று போன் கடைகளில் எல்லாம் கேட்டேன். டாக்டரம்மாவுக்கு எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். இரண்டாவது அனுப்பினால் முதலாவது தானாகவே அழிந்துவிடும் என்று பதில் எழுதினார். அதோடு போனும் செய்தார். "நான் அதை நடிப்புன்னுதாம்மா நெனச்சேன். எனக்கும் அது கேக்கல" என்றார். அவரைச் சமாதானப்படுத்துகிற வேலை எனக்கு வந்தது.

இப்போது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதே வேலை, அதே பஸ். வருகிற ஆம்பிளைகளை அண்ணாச்சி என்று கூப்பிட வாய் வரவில்லை, ஐயா என்கிறேன். இவ்வளவு காலம் அண்ணாச்சியாக இருந்தவர்கள் நான் ஏதோ கோபமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் விட்டார்கள் என்ற அந்தக் கதையையும் நான் யாரிடமும் சொல்வதில்லை.

போன மாதம் அந்தப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லி டாக்டரம்மா கேட்டார். அதே சாப்பாட்டு மேஜை, அதே சர்க்கரை டப்பா. சின்னச் சின்னக் கட்டங்களில் முப்பது முகங்கள், எல்லாரும் மியூட்டில். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "நடிச்சு முடிச்ச பிறகு போனை அணைச்சிடுங்க. அணைச்சிட்டு, நடிச்சவங்ககிட்ட இன்னொரு தடவை கேளுங்க. இதுல எது நெசம்னு." நடந்ததையும் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு பெண் மட்டும் கட்டத்தை விட்டு எழுந்து எங்கேயோ உள்ளே போனது தெரிந்தது.

அந்த வகுப்பில் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நடந்தது. சாப்பாடு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"ஏட்டி, என்ன ஒருக்க அண்ணாச்சின்னு கூப்பிடேன்" என்றார்.

கேலிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க அண்ணாச்சி, என்ன செய்யுது?" என்றேன்.

அன்றைக்கு மேஜையில் வைத்த மாதிரியே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கையில் ஊசி குத்திய இடம் கன்றிப் போயிருந்தது.

"சிஸ்டர், உங்கள்ட்ட ஒண்ணு கேக்கேன். வீட்டுல கேட்டா அழுவா. நீங்க உள்ளதச் சொல்லிருங்க. பொங்கலுக்கு நான் இருப்பனா?"

எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அன்று மேஜையில் இவர் எனக்குக் கொடுத்த உண்மையை நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடம் அது. அண்ணாச்சி என்று கூப்பிட்டாகிவிட்டது. ஒரு நர்ஸாக உண்மையைச் சொல்லிவிடலாம்.

"இருப்பிய அண்ணாச்சி" என்றேன். "இருக்காம எங்க போவிய. பொங்கலுக்கு நீங்கதான கரும்பு வாங்கிட்டு வரணும்."

குரல் நடுங்காமல் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லாத்தான் நடிக்கிய சிஸ்டர்" என்றார். "ஆனா ரெண்டு மார்க்கு கொறச்சிருவாக."

இரண்டு பேரும் சிரித்தோம், அவருக்கு இருமல் வரும்வரை.